மூன்றாவது தகடு

(ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மாலை, இராஜபாளையத்தில் தொழிற்பயிற்சி மாணவர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முதல் ஷிப்டு முடித்த கையோடு வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்து அமர்ந்திருக்கும் மில் அண்ணாச்சிமார்களே, திருவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, நாளைக்கு இந்த ஊரின் எந்திரங்களைத் தாங்கப்போகும் தம்பிகளே, தங்கைகளே,

நாளை ஆயுத பூஜை. பட்டறை பட்டறையாக வாழைக்கன்று கட்டுவார்கள். லேத்துக்கு மாலை, வைஸுக்குச் சந்தனம், அரத்துக்குக் குங்குமம், எல்லோருக்கும் பொரிகடலை. அதே நேரத்தில் போலீஸ் ஸ்டேஷனிலும் பூஜை நடக்கும். அங்கே துப்பாக்கிக்குப் பொட்டு வைப்பார்கள். உளிக்கும் துப்பாக்கிக்கும் ஒரே நாளில் பூஜை! ஏன்? நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே பெயர். உளியும் ஆயுதம், துப்பாக்கியும் ஆயுதம். செய்கிற கருவிக்கும் கொல்கிற கருவிக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கும்பிடுகிறோம். அப்படியானால் இரண்டையும் பிரிப்பது எது? அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள், ஒருவர் கைக்கென்றே ஒரு கைத்துப்பாக்கியை அரம் பிடித்து, உறுப்பு உறுப்பாகப் பொருத்தும் வேலை. நூல் மில் ஊரில் துப்பாக்கிப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். அந்த வேலைக்கு வேண்டிய பாடம் முழுவதும் உங்கள் ஃபிட்டர் பெஞ்சில் இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் பேச வந்தேன்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் சேர்ந்த முதல் மாதம். எந்திரத்தைத் தொட விடவில்லை. ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, "சதுரமா ராவு" என்றார் எங்கள் ஆசிரியர். ராவினேன். இரண்டு கையிலும் கொப்பளம். அரத்தை முன்னால் தள்ளும்போதுதான் அழுத்த வேண்டும், இழுக்கும்போது அழுத்தக் கூடாது என்பதைக் கை கற்றுக்கொள்ளவே ஒரு வாரம் ஆனது. பல்லில் தூள் அடைத்துக்கொண்டால் தகட்டில் கீறல் விழும். அதற்காக அரத்தில் சாக்பீஸ் தேய்க்க வேண்டும், கம்பி பிரஷ் போட்டுத் துடைக்க வேண்டும். ஒருவழியாக முடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மூலைமட்டத்தை எடுத்து அதன்மேல் வைத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, என்னையே பார்க்கச் சொன்னார்.

"தம்பி, வெளிச்சம் தெரியுதா?"

தெரிந்தது. தகட்டுக்கும் மட்டத்துக்கும் நடுவே மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. "போய் ராவு" என்றார். மறுநாள் போனேன். "வெளிச்சம் தெரியுதா?" தெரிந்தது. அதற்கு மறுநாளும் தெரிந்தது. அந்தக் கோடு மறைந்த நாளில் அவர் பாராட்டவில்லை. அடுத்த துண்டைக் கொடுத்தார், அவ்வளவுதான். என் தொழில் அன்றைக்குத்தான் தொடங்கியது.

நம் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். பயிற்சிப் பட்டறையில் உங்களிடம் கேட்கும் அளவு 0.04 மில்லிமீட்டர் கூடக்குறைய. தலைமுடிக்கும் குறைவான பிழையைத்தான் மன்னிக்கிறார்கள்! இந்தக் கணக்கில் வேலை செய்கிறவனை வெறும் கூலிக்காரன் என்று யாராவது சொன்னால், அவர் அரம் பிடித்துப் பார்க்காதவர்.

இப்போது துப்பாக்கிக்கு வருகிறேன்.

துப்பாக்கி தோன்றிய காலத்திலிருந்து நூற்றாண்டுக் கணக்கில் அது கைவேலைதான். ஒரு கொல்லன் செய்த விசை அவன் செய்த துப்பாக்கிக்கு மட்டும் பொருந்தும். போர்க்களத்தில் ஒன்று உடைந்தால் பக்கத்துச் சிப்பாயின் துப்பாக்கியிலிருந்து கழற்றி மாட்ட முடியாது. இந்த நிலையை மாற்றியவர்களில் ஒருவர் ஒனோரே பிளாங்க் என்ற பிரெஞ்சுக்காரர். 1785ஆம் ஆண்டு, அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் அவருடைய பட்டறைக்குப் போனார். ஐம்பது துப்பாக்கிகளுக்கான விசைப் பொறிகளின் உறுப்புகள் பிரித்துத் தனித்தனியாகக் குவித்து வைக்கப்பட்டிருந்தன. கைக்கு வந்ததை எடுத்து ஜெபர்சனே பூட்டிப் பார்த்தார். எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் சேர்ந்தது! இன்று உங்கள் சைக்கிள் நட்டைக் கடையில் வாங்கி மாட்ட முடிகிறதே, அதற்கு வழி போட்டவர்களில் துப்பாக்கிப் பட்டறைக்காரர்களும் உண்டு.

அப்படியானால் கைவேலைக்கு அன்றோடு முடிவு வந்ததா? இல்லை என்பதற்கு 1911ஆம் ஆண்டு சாட்சி.

ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்த கைத்துப்பாக்கியை அந்த நாட்டு ராணுவம் சோதித்தது. 6,000 குண்டுகள் தொடர்ந்து சுட்டார்கள். சூடு தாங்காமல் போனபோது தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடியும் சுட்டார்கள். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. 1911 மார்ச் 29 அன்று ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. அதே 1911இல், ஜூன் 17 அன்று, இங்கிருந்து தெற்கே மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் ஒரு பிரௌனிங் கைத்துப்பாக்கிதான். நமக்கு அந்தப் பெயர் புதிதல்ல.

அந்த 1911 ராணுவத் துப்பாக்கி ஏன் சிக்கவில்லை? அதற்குள் கொஞ்சம் ஆட்டம் விட்டிருந்தார்கள். பட்டறையில் "ஆட்டம் இருக்கு" என்று நாம் குறையாகச் சொல்வோமே, அதே ஆட்டம். மணல் புகுந்தாலும், சேறு புகுந்தாலும் மேலே ஓடும் ஸ்லைடு தடையில்லாமல் ஓட வேண்டும் என்று தெரிந்தே விட்ட இடம். போர்க்களத்துக்கு அது சரி. பந்தயத்தில் குறி பார்த்துச் சுடுகிறவருக்கோ அதே ஆட்டம் பகை. ஒவ்வொரு முறையும் குழல் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால்தான் அவருடைய குண்டு அதே இடத்தில் போய் விழும். ஆகவே போட்டிக்காரர்களுக்கென்று கைத்துப்பாக்கி பொருத்தும் கைவினைஞர்கள் வந்தார்கள். உறுப்பைக் கொஞ்சம் பெரிதாகவே செய்து வாங்குவார்கள். மையைத் தடவிப் பொருத்திப் பார்த்து, மை ஒட்டிய மேட்டை மட்டும் ஒரு இழை எடுத்து, மறுபடியும் பொருத்திப் பார்ப்பார்கள். எடுத்தது எடுத்ததுதான், திருப்பி ஒட்ட முடியாது. ஆகவே அவசரக்காரனுக்கு அங்கே வேலையில்லை.

ஆட்டம் நல்லதா, கெட்டதா? கேள்வியே தவறு. எங்கே, எவ்வளவு என்று கேட்க வேண்டும். உங்கள் மில்லையே பாருங்கள். ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 15,000, 20,000 சுற்று என்று சுழல்கிறது. அது வளையத்தின் நட்டநடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும்? நூல் அறுந்துகொண்டே இருக்கும். அங்கே நடு தவறக் கூடாது. அண்ணாச்சிமார்கள் கேஜை வைத்து ஒவ்வொரு ஸ்பிண்டிலாக நடுப்படுத்துவது அதற்காகத்தான். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் வருகிறதே, அதை நினைத்துப் பாருங்கள். அத்தனை பெரிய மரக்கட்டுமானம் வெயிலில் காய்ந்து சுருங்கும், மழையில் ஊறிப் பருக்கும். அங்கே மரத்துக்கு மூச்சு விட இடம் விட்டுத்தான் பூட்ட வேண்டும். விடாவிட்டால் சட்டம் பிளந்துவிடும். தேரில் இடம் விடத் தெரிந்த தச்சரும், ஸ்பிண்டிலில் நடு பிடிக்கத் தெரிந்த ஃபிட்டரும், துப்பாக்கியில் இழை எடுக்கத் தெரிந்தவரும் ஒரே அறிவுக்குச் சொந்தக்காரர்கள்.

இது எங்கோ வெளிநாட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். திருச்சியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. நம் ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் அங்கே துப்பாக்கி செய்கிறார்கள். அதற்கு முன்னும் இந்தச் சீமைக்கு ஆயுதம் தெரியும். பக்கத்தில் சேத்தூர், சிவகிரி, கொஞ்சம் தள்ளிப் பூலித்தேவனின் நெற்கட்டும்செவல் என்று பாளையங்கள் நிறைந்த மண் இது. கட்டபொம்மனும் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் வீழ்ந்த பிறகு, 1801 இறுதியில் கும்பினி அரசு பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. நம் கொல்லர்கள் கொழுவுக்கும் அரிவாளுக்கும் திரும்பினார்கள். அரம் மட்டும் அவர்கள் கையை விட்டுப் போகவில்லை.

ஆனால் பொருத்தம் மட்டும் போதுமா? இங்கேதான் உங்களுக்கு இன்னொருவரை அறிமுகப்படுத்த வேண்டும்.

ஜோசப் விட்வொர்த். உங்கள் பாடப்புத்தகத்தில் திருகு மரையோடு சேர்த்துப் படித்த பெயர். ஆளுக்கொரு மரை போட்டுக்கொண்டிருந்த இங்கிலாந்தில், 1841இல் எல்லோருக்கும் ஒரே அளவு மரை வேண்டும் என்று முன்வைத்தவர் அவர். பிற்காலத்தில் துப்பாக்கியும் செய்தார். 1860இல் விக்டோரியா மகாராணி ஒரு துப்பாக்கிப் போட்டியைத் தொடங்கிவைத்து முதல் குண்டு சுட்டது விட்வொர்த் செய்த துப்பாக்கியில்தான். 400 கெஜத் தூரத்து இலக்கில் அந்தக் குண்டு மையத்துக்கு மிக அருகே பட்டது. ஆனால் அவருடைய மரையைவிடவும் துப்பாக்கியைவிடவும் பெரியது என்று நான் நினைப்பது வேறொன்று. அது மூன்று தகடுகள்.

ஒரு தகடு சமமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சமமான இன்னொரு தகட்டோடு வைத்துப் பார்க்கலாம். அந்த இன்னொன்று சமம் என்று யார் சொன்னது? இரண்டு தகட்டை மை தடவி ஒன்றோடொன்று தேய்த்துச் சரிசெய்தால் இரண்டும் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் தெரியாது. ஆனால் ஒன்று குழிந்தும் மற்றொன்று அதற்கேற்பப் புடைத்தும் இருக்கலாமே! இரண்டும் கோணல். கோணலும் கோணலும் கச்சிதமாகப் பொருந்தியிருக்கின்றன. பார்ப்பவருக்குச் சரிபோலவே தெரியும்.

இதற்கு வழி மூன்றாவது தகடு. முதலாவதை இரண்டாவதோடு, இரண்டாவதை மூன்றாவதோடு, மூன்றாவதை முதலாவதோடு என்று மாற்றி மாற்றி வைத்துச் சுரண்ட வேண்டும். இரண்டு கோணல்கள் சேர்ந்து செய்த ரகசிய உடன்பாடு மூன்றாவதிடம் செல்லாது. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும் நாளில்தான் மூன்றும் உண்மையிலேயே சமம். இந்த முறையை 1840இல் கிளாஸ்கோ நகரில் அறிஞர்கள் கூடிய அவையில் விட்வொர்த் விளக்கினார். பட்டறைகளில் நீங்கள் பார்க்கும் சமதளத் தகட்டின் வம்சம் அங்கிருந்து வருகிறது.

தம்பி, தங்கைகளே, இதை எந்திரப் பாடமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டத்து மாணவி ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். ஏர் பிஸ்டல் போட்டிக்குப் பயிற்சி எடுப்பவள். பிஸ்டலின் மரப்பிடி அவள் கைக்குச் சேரவில்லை. கட்டைவிரல் அடியில் வலி, குண்டு இடப்பக்கமே விழுகிறது. "அண்ணாச்சி, இதை என் கைக்கு ஆக்கித் தர முடியுமா?" என்றாள். நான் மை டப்பாவைத் தேடினேன். அவள் சிரித்துக்கொண்டே பையிலிருந்து கண்மையை எடுத்து உள்ளங்கையில் பூசிக்கொண்டு பிடியை இறுகப் பிடித்தாள். கையை எடுத்தால் மரத்தில் மூன்று இடத்தில் கறுப்பு. அந்த மூன்று மேட்டையும் மர அரத்தால் லேசாக ராவினேன். மறுபடி கண்மை, மறுபடி பிடி, மறுபடி அரம். உள்ளங்கைக் குழியில் இடைவெளி இருந்த இடத்தில் மரப் பசையை அப்பி அவள் கையை அழுத்தச் சொன்னோம். சாயங்காலம் ஆனது. கடைசியில் உள்ளங்கை முழுவதும் ஒரே சீராகக் கறுப்பு ஒட்டியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினாள், திறந்தாள். குறிமுனை நேராக நின்றது.

இரண்டு தகடு பொருந்திவிட்டது. கையும் கருவியும். அதோடு முடிந்ததா? போட்டிக்குப் போனால் முதலில் சோதனை மேசை. அவர்கள் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். 420 மில்லிமீட்டர் நீளம், 200 உயரம், 50 அகலம். பிஸ்டல் அதற்குள் அடங்க வேண்டும். எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. விசையில் 500 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். அதைத் தாங்க வேண்டும். பிடி உன் கைக்கு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தால் செல்லாது. அந்தப் பெட்டியும் அந்த எடையும்தான் மூன்றாவது தகடு. எல்லோருக்கும் பொதுவானது. அதில் தேறியவர்தான் 10 மீட்டருக்கு அப்பால் வெறும் 11.5 மில்லிமீட்டர் அகலமுள்ள பத்தாம் வட்டத்தைக் குறிவைக்கலாம்.

மனு பாக்கரை எல்லோருக்கும் தெரியும். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவில் அவருடைய பிஸ்டல் பழுதானது. 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டிய போட்டி. பழுதுபார்க்கப் போய் வந்ததில் பொன்னான நேரம் கரைந்தது. 12ஆம் இடம். இறுதிச் சுற்று கைநழுவியது. ஒரு சிறிய உறுப்பு நான்கு ஆண்டு உழைப்பைத் தடுத்தது. மூன்றே ஆண்டில், 2024 பாரிஸில், அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம். சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம். அதே பாரிஸில் நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானும் டிராப் போட்டியில் நின்றார். இவர்கள் ஒவ்வொருவர் கருவிக்குப் பின்னாலும் பெயர் தெரியாத ஒரு பட்டறைக் கை இருக்கிறது. அந்தக் கைக்கும் ஒருமுறை தட்டுங்கள்!

இப்போது கசப்பான பேச்சு. இந்த மேடையில் நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

பீகாரில் முங்கேர் என்று ஒரு ஊர். 1760களில் வங்காள நவாப் மீர் காசிம் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதப் பட்டறை வைத்தார். அந்தக் கைத்திறன் தலைமுறை தலைமுறையாக அங்கே தங்கியது. லைசென்ஸோடு துப்பாக்கி செய்யும் பட்டறைகள் இன்றும் உண்டு. ஆனால் நாடு முழுவதும் போலீஸ் பிடிக்கும் கள்ளத் துப்பாக்கிக்கும் அதே ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கை அதே கை, அரம் அதே அரம். செய்பவனின் திறமையும் வாங்குபவனின் ஆசையும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. வெளிச்சமே தெரியவில்லை. ஆனால் இரண்டும் கோணல். மூன்றாவது தகட்டில் வைத்துப் பார்க்க யாரும் இல்லை.

நம் மலையடிவாரத்திலும் நாட்டுத் துப்பாக்கி என்ற சொல் புழங்குகிறது. 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகி, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான காடு இது. "ஒரு சின்ன வேலைதான் தம்பி, ஒரு குழல், ஒரு விசை, காசு கூடத் தாரேன்" என்று நாளை உங்களிடமும் யாராவது வரலாம். ஃபிட்டர் படித்த கையைத்தான் அவர்கள் தேடுவார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்யக் கூடாது, பழுதுபார்க்கவும் கூடாது, மாற்றியமைக்கவும் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு கள்ளத்தனமாகத் துப்பாக்கி செய்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரைக்கும் போகலாம். ஆனால் சிறைக்குப் பயந்து மட்டும் மறுக்காதீர்கள். அந்தக் குழலின் மறுமுனையில் யார் நிற்பார் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒருவர் உயிருக்கு உங்கள் அரம் பொறுப்பாகக் கூடாது.

இதே தாலுகாவில் சத்திரப்பட்டி இருக்கிறது. அங்கே தறிகள் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியை நெய்கின்றன. அந்தத் தறியின் பல்சக்கரத்தைப் பொருத்துவதும் ஃபிட்டர்தான். ஒரே படிப்பு. காயம் செய்யவும் போகும், காயத்தைக் கட்டவும் போகும்.

வள்ளுவர் பண்புடைமை என்ற அதிகாரத்தில் அறிவின் கூர்மைக்கு உவமை தேடினார். வாளைச் சொல்லவில்லை, வேலைச் சொல்லவில்லை. அரத்தைச் சொன்னார். அரம் போல் கூரிய அறிவு இருந்தாலும் மக்கட்பண்பு இல்லையென்றால் அவனை மனிதன் என்று அவர் எண்ணவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு அருகில் ஆன நூல், ஃபிட்டர் பெஞ்சுக்கே வந்து பேசுகிறது! கூர்மை முதல் தகடு. கருவி இரண்டாவது தகடு. பண்புதான் மூன்றாவது.

தம்பிகளே, தங்கைகளே, முடிக்கிறேன். கம்ப்யூட்டர் எந்திரம் வந்துவிட்டது, இனி அரம் எதற்கு என்று சொல்வார்கள். எந்திரம் வெட்டித் தரும் உறுப்பையும் கடைசியில் இரண்டு விரல் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறது. ஆகவே அரத்தைக் கீழே வைக்காதீர்கள். மில்லுக்குப் போங்கள், திருச்சிக்குப் போங்கள், விளையாட்டு வீரர்களுக்குப் பிடி இழைத்துக் கொடுங்கள், தேருக்குச் சட்டம் பூட்டுங்கள். எதைச் செய்தாலும் சட்டத்துக்கு முன்னாலும் ஊருக்கு முன்னாலும் எடுத்துக் காட்ட முடிகிற வேலையைச் செய்யுங்கள்.

நாளை காலை அரத்துக்குச் சந்தனம் வைப்பீர்கள். வைத்துவிட்டு, அதைக் கையில் எடுத்து, இந்த ஆண்டு இதால் என்ன செய்தேன் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். செய்ததை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, என் ஆசிரியர் கேட்ட அதே கேள்வியை உங்களையே கேளுங்கள். வெளிச்சம் தெரிந்தால் வெட்கப்பட வேண்டாம். போய் ராவுங்கள்.